பார்வையில் காணும் கடிதம்

ஆறு மீட்டர் வேண்டும் என்கிறது கையேடு.
சேரம்பாடி டிவிஷன் பள்ளியின் வகுப்பறை நாலரை மீட்டர்,
அதிலும் ஒரு மூலை சத்துணவு அரிசிக்கு.
ஆகவே கண் அட்டையை வராந்தாவில் மாட்டுவேன்.
ஆடி மாதம் என்றால்
பிள்ளைக்கும் அட்டைக்கும் நடுவே
வருகைப் பதிவில் இல்லாத ஒரு ஆளாக
மஞ்சு வந்து நிற்கும்.
அது விலகட்டும் என்று நிற்போம், நேரம் போகும்.

வருஷத்துக்கு இரண்டு முறை என்பது உத்தரவு.
ஒருமுறை வருகிறேன்.
கூடலூரில் டீசலுக்குக் கொடுக்கிற பணம்
நாடுகாணி வளைவோடு தீர்ந்துவிடும்,
அதற்கப்பால் டிரைவர் சுபைரின் கடன் சீட்டு.

எடை, உயரம், நகம், பல்.
நாக்கை நீட்டு, மூச்சை இழு.
அறுபத்து மூன்று பேர், சோற்றுக்கு மணி அடிப்பதற்குள்.
அதில் ஒருத்தி, இரண்டாம் வகுப்பிலிருந்தே,
கடைசி வரியின் பொடி எழுத்து வரைக்கும்
தடுக்காமல் சொல்வாள்.
ரோகிணி. பார்வை: சரி.
மூன்று வருஷமும் என் கையெழுத்து.

இந்த ஆடியில் அவளை முதலில் கூப்பிட்டேன்.
அட்டை இன்னும் சுருளாக என் கக்கத்தில்.
சுவரில் ஆணி மட்டும்தான்.
அவள் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள்.
ட.
ப, ய.
ம, வ, ல.
ஆணியைப் பார்த்து, நிறுத்தி, நிதானமாக,
கடைசி வரி வரைக்கும்.

சுபைர் கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"குறைன்னா ஊட்டிக்கு அனுப்புவீங்க மிஸ்.
சுகந்தனுக்கு அப்படித்தான்.
அவங்கம்மாவுக்கு ரெண்டு பேர் போயிருச்சு."
தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
கொழுந்து எடுக்காத நாளில் பேர் விழாது.

அன்று இரவே எழுதினேன்.
பொருள்: பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி,
பள்ளியிலேயே மருத்துவர் வந்து பார்ப்பது.
பொருளுக்கு அடுத்த வரி எப்போதும் பார்வை.
அதில் போட என்னிடம் எண் எதுவும் இல்லை.

பதில் வந்தது:
பார்வையில் காணும் கடிதத்தின்மீது
தெரிவிக்கப்படுவது யாதெனில்,
தங்கள் வட்டாரத்தில் கடந்த மூன்றாண்டுகளாகக்
குறைபாடு கண்டறியப்பட்டோர் இல்லை.
எனவே மேற்படி தலைப்பில் ஒதுக்கீடு எழவில்லை.

எழவில்லைதான்.
இல்லை என்று எழுதியவள் நான்.
போன மார்ச்சில் மிச்சப் பணத்தைத் திருப்பிக் கட்டியதற்குப்
பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன்.
அலமாரியில் இருக்கிறது, உறை கசங்காமல்.

மறுபடி போனேன். சனிக்கிழமைகள்.
எழுத்துகளை இடம் மாற்றி, அட்டையைத் தலைகீழாக்கி,
ஒருவர் சொல்வது அடுத்தவருக்குக் கேட்காதபடி.
இந்தப் பள்ளியில் ஏழு.
கொளப்பள்ளியில் பதினொன்று.
ஒரு வழியில் யானை நின்றதால்
ஒரு பள்ளி எண்ணாமலே விடுபட்டது, அதையும் எழுதினேன்.

சென்னையிலிருந்து வந்த திட்ட அலுவலர்
பட்டியலைப் புரட்டிக் கேட்டார்:
"போன வருஷம் சுழியம். இந்த வருஷம் நூற்று நாற்பதா?
நோயா பரவிச்சு?"
ஆணியைப் பற்றிச் சொன்னேன்.
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
கேட்டதில் பாதியை
திருத்திய மதிப்பீட்டில் சேர்க்கச் சொன்னார்.
கண்ணாடிக்கு ஆயிற்று, டீசலுக்கும் ஆயிற்று.
மருத்துவருக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாமாம்.

தை மாதம்.
பெட்டி நிறைய ஒரே பழுப்பு நிறச் சட்டம்.
அவள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.
மலையைப் பார்ப்பாள், தேயிலையைப் பார்ப்பாள்,
ஏதாவது சொல்வாள் என்று
மடத்தனமாகக் காத்திருந்தேன்.

ஆறு மீட்டர் தள்ளி, அதே ஆணியில்,
கண்ணாடி பெறுவோர் பட்டியல் தொங்கியது.

"மிஸ், நாலாவது பேர் தப்பு.
நான் ரோகிணி இல்ல, லோஜினி."

அடித்து எழுதினேன்.
அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் வேண்டும் என்பது விதி.
இட்டேன்.
பிறகு பழைய பதிவேடுகளை எடுத்துவரச் சொன்னேன்,
மூன்றையும்.