பதின்மூன்றாம் நாள்

துலூத் நகரத்து ஏரிக்காற்று
கதவிடுக்கில் விசிலடிக்கும் குளிர்காலத்தில்
லோர்னா டெர்வோ இலவசமாய் வாழ்கிறாள்.

முழுக்க இலவசம் என்று சொல்ல முடியாது.
பள்ளிப் பேருந்து ஓட்டிவரும் சம்பளம்
வாடகைக்கும் ஹீட்டருக்கும் சரியாய்ப் போகிறது.
மிச்சமெல்லாம் சோதனைக் காலம்,
இரண்டு அர்த்தத்திலும்.
முதல் பொட்டலம் எங்கள் செலவு,
பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம் என்கிறார்கள்.

அவள் விட்டுவிடுகிறாள்.
காப்பியை, வைட்டமினை,
முகத்தில் பூசிய பதினான்கு நாள் இளமையை,
ஒரு துப்பறியும் தொடரை ஆறாம் பாகத்தோடு.
கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது,
கவலையும் இல்லை.

ஃப்ரிட்ஜ் மேல் டயர் கடைக் காலண்டர்.
கெடு முடிவதற்கு முந்தைய நாளில்
சிவப்பு வட்டம்.
பணம் ஏற்றும் அட்டையில்
எப்போதும் நாற்பத்தோரு சென்ட்;
மறந்தே போனாலும் வழித்தெடுக்க ஒன்றும் இருக்காது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோம் நாம்.
ஆறே கொடுத்தாலும்
அளந்துதான் வாங்குவாள் இவள்.

நாய்த்தீனி வந்தது டிசம்பரில்.
அவளிடம் நாய் இல்லை.
படிவம் விடவில்லை: பெயர்? வயது? எடை?
மேசையிலிருந்த ஊறுகாய்ப் புட்டியைப் பார்த்து
பிக்கிள் என்று நிரப்பினாள்.
நான்கு வயது. இருபத்தைந்து பவுண்டு.
கோழி ஒத்துக்கொள்ளாது என்று
எதற்கோ சேர்த்துவைத்தாள்.

ஆட்டிறைச்சி கலந்த அந்தத் தீனி
எதிர்வீட்டு ஓர்வில் மாகியின் கிழட்டு நாய்க்குப் போனது.
தானமாய் வந்த மாட்டை
அதுவும் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் இரவு
ரத்துசெய்யும் பொத்தானைத் தேடினாள்
(எப்போதும் சாம்பல் நிறத்தில், அடியில்,
கடன்காரனைக் கண்டவன் மாதிரி ஒளிந்திருக்கும்).
ஏன் போகிறீர்கள் என்றது திரை.
விலை அதிகம் என்றால் பாதி விலை தருவார்கள்.
பிடிக்கவில்லை என்றால் வேறு சுவை தருவார்கள்.
கடைசி வரிக்கு மட்டும்
மறுபேச்சு கிடையாது:
என் செல்லப்பிராணி இறந்துவிட்டது.

விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு அழுத்தினாள்.
காலண்டரில் வட்டத்தை அடித்தாள்.
பல் தேய்த்தாள், இலவசப் பற்பசையால்.

ஒன்பது நாள் கழித்து
பனியில் புதைந்த படிக்கட்டில் ஒரு பெட்டி.
வெள்ளை லில்லி, நீல ஐரிஸ்,
யாரோ கையாலேயே எழுதிய அட்டை:
பிக்கிளுக்காக வருந்துகிறோம்.
கோழி ஒத்துக்கொள்ளாத பிள்ளை,
எவ்வளவு கவனமாய் வளர்த்திருப்பீர்கள்.
இப்படிக்கு, மார்னி, வாடிக்கையாளர் சேவை.

இதற்கு எந்தத் தேதியில் வட்டம் போடுவது?
எந்தப் பொத்தானை அழுத்தித் திருப்பியனுப்புவது?
காலியான காப்பி டப்பாவில் தண்ணீர் ஊற்றி
பூக்களைச் செருகினாள்.
கோட்டில் என்ன மஞ்சள் பொடி என்று
பேருந்தில் ஏறும்போது கேட்ட பையனுக்குப்
பதில் சொல்லாமல் கதவை மூடினாள்.

சனிக்கிழமை தபாலாபீஸ் போய்
சொந்தக் காசில் ஒரு ஸ்டாம்பு வாங்கினாள்.
அன்புள்ள மார்னி, நன்றி, என்று எழுதினாள்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
நல்ல நாய், என்று எழுதினாள்.
பேனா நிற்கவில்லை.
பனி அள்ளும் வண்டி வந்தால்தான் பயப்படும்.
இடது காது மட்டும்
எப்போதும் மடங்கியே இருக்கும்.