தட்டிப் பார்த்தது

சுருட்டுப் பெட்டி முதலில் வந்தது.
ஏற்காட்டில் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது
எடைக்குப் போன சாமான்களோடு.
மூடியில் தொப்பிக்காரன்,
பாதி முகத்தைக் கரப்பான் தின்றிருந்தது.
மூன்று மில்லிப் பலகை.
விரலால் சுண்டினேன்:
உள்ளே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது.
நாற்பது ரூபாய்.

பெட்டி கிடைத்தால் பாதி கித்தார்.
மீதி, கழுத்து.
மூன்று தந்திகள் இரவும் பகலும் இழுக்கும்,
வளையாமல் நிற்க வேண்டும்.
எனக்கு மோட்டாருக்குக் காயில் சுற்றத் தெரியும்.
மரம் தெரியாது.

முதல் கழுத்து சில்வர் ஓக்.
காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி ஏறிய மரம்,
கழித்துப்போட்ட வாரமே
கிளையை அறுத்துக் கொண்டுவந்தேன்.
இழைக்க வெண்ணெய்.
ரேகையெல்லாம் மீன்செதில் மினுக்கம்.
சேலத்துச் சித்திரையில் பதினோரு நாள் தாங்கியது.
பன்னிரண்டாம் நாள் வில்.
"அம்பு எங்கே?" என்றாள் கோமளவல்லி
கட்டிலில் படுத்தபடி.

செவ்வாய்ப்பேட்டை டிப்போவில்
"எத்தனை கன அடி?" என்றான் கடைப்பையன்.
இரண்டேமுக்கால் அடி நீளம், ஒன்றரை அங்குல அகலம் என்றேன்.
அவன் பார்த்த பார்வையை இழைத்திருந்தால்
ஒரு பலகை தேறியிருக்கும்.
பின்னால் கிடக்கிற குவியலில்
பொறுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப்
போனுக்குத் திரும்பினான்.

மா, தொட்டதும் மாவாகக் கொட்டியது.
வேம்பு முறுக்கிக்கொண்டு கிடந்தது,
பிழிந்து போட்ட வேட்டி.
பலா நல்ல மஞ்சள், தட்டினால் தெளிவாகப் பதில் சொன்னது;
ஆனால் நட்டநடுவில் ஒரு கணு.
கணு வந்த இடத்தில் மரம்
வேறு திசையில் யோசிக்கிறது.
ஒரு ஈட்டித் துண்டில் கை வைத்தேன்.
"அது கணக்குல இருக்கு சார்"
தலை தூக்காமலே சொன்னான்.

அதன்பிறகு தட்டுகிற வியாதி.
அஸ்தம்பட்டி டீக்கடை பெஞ்சு.
கடன் கேட்கப் போன இடத்தில்
மேலாளர் மேசை (பிளைவுட்).
எலும்பு டாக்டர் அறைக் கதவு,
"உள்ள வாங்க" என்றார்கள்,
நான் மரத்தைத்தான் கேட்டேன்.
வீட்டில் சப்பாத்திக் கட்டை, முக்காலி, மணைப்பலகை.
"மாவுக்கட்டைத் தட்டினா கையை ஒடைப்பேன்" என்றாள்.

கட்டைப் பிரித்தார்கள்.
பதினான்காம் வளைவில் லாரி உரசிய கால்
பதில் சொல்லவில்லை.
மற்றதும்.

சக்கர நாற்காலி வந்து
வாசற்படியில் முட்டி நின்றது.
படியை அறுக்க ஆள் வந்தபோது
குகையிலிருந்து அக்கா போன் பண்ணினாள்:
"நிலையில கை வைக்காதீங்க, லட்சுமி தங்க மாட்டா."
கோமளவல்லி போனை வாங்கினாள்.
"அவளும் இனிமே தடுக்கி விழாம வரட்டும் அண்ணி."

அறுத்த படி இரண்டு நாள் முற்றத்தில் கிடந்தது.
நான் அதைத் தாண்டித்தான்
டிப்போவுக்குப் போனேன், வந்தேன்.
மூன்றாம் நாள்
நாற்காலியில் இருந்து குனிந்து
கரண்டிக் காம்பால் தட்டினாள்.
திரும்பத் தட்டினாள்.
"ஏங்க. இது."

தேக்கு. முப்பத்தொரு வருஷத்து வெயில்,
சாரல், மிதி.
இனி வளைய அதற்கு என்ன இருக்கிறது?
நடுவில் கால்கள் தேய்த்த பள்ளத்தை விட்டு
ஓரத்தில் அறுத்தேன்.
எவ்வளவு இழைத்தும்
வெள்ளிக்கிழமை மஞ்சள் ரேகைக்குள் இருந்தது.
பிறகு இழைப்பதை நிறுத்திவிட்டேன்.

குதிரைக்கு ஒரு போல்ட்.
மடியில் கிடத்தி வாசிக்கிறாள்,
டிஞ்சர் குப்பியால் தந்தியைத் தேய்த்து.
சரியாக அல்ல.
தினமும் நூல் பிடித்துப் பார்க்கிறேன், நேராகத்தான் இருக்கிறது.
லாடம் அடித்த ஆணி ஓட்டை ஒன்று
கழுத்தின் பாதியில்.
அடைத்துவிடவா என்றேன்.

குப்பி அதன்மேல் போய் நின்றது.
"இரு," என்றாள், "இங்க என்ன வருதுன்னு பாக்கறேன்."