வாடகைக் கண்ணாடி

கடைசி இருநூறு அடி உருட்டிக்கொண்டுதான் போனேன்.
ஆபீஸ் வாசலில் அணைந்தால்
அன்றைக்கு எஃப்.சி. கிடைக்காது என்பது
செல்லூர் ஜெய்லானியின் நம்பிக்கை.

முந்தின நாள் முழுக்க அவன்
என் விக்டரின் வியாதிகளை வாய்விட்டு வாசித்தான்.
கோன் செட்டில் பள்ளம்,
கையை விட்டால் வண்டி தானாக இடப்பக்கம் பார்க்கிறது.
ஃபோர்க்கில் எண்ணெய் வியர்க்கிறது.
பின் பிரேக் லைனர் அப்பளம்.
சைலன்சர் ஓட்டைக்கு எம்-சீல் இருக்கிறது, விடு.
ஒயரை எலி தின்றிருக்கிறது,
இண்டிகேட்டர் ஒயரை மட்டும்.
"சிவப்பைத் தொடலை பாரு. விவரமான எலி."

எல்லாம் மாற்ற நாலாயிரத்து முன்னூறு.
நாளைக்கு மட்டும் போதுமென்றால் அறுநூறு.

நாளைக்கு மட்டும், என்றேன்.
எனக்குத் தெரியாத கணக்கா?
தராசு பழுது பார்ப்பவன் நான்.
மாட்டுத்தாவணிக் காய்கறிக் கடைகளுக்கு
வருடா வருடம் முத்திரை வாங்கித் தருகிறேன்.
முத்திரை நாளில் எந்தத் தராசும் பொய் சொன்னதில்லை.
மறுநாள் விடியலில் வெங்காயத்தோடு
அது என்ன பேசுகிறதென்று
நான் ஒட்டுக் கேட்கப் போனதில்லை.

பசுமை வரி கட்டியாயிற்று. புகைச் சான்று இருக்கிறது.
சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்த
செல்லோ டேப்பும் இருக்கிறது.
"கண்ணாடி எங்கேண்ணே?" என்றான்
ஃபாரம் எழுதுகிறவன்.

சர்பத் வண்டிக்குக் கீழே
தவமணியக்கா ஒரு சாக்கு வைத்திருக்கிறாள்.
ஹாரன், ரிஃப்ளெக்டர், இரண்டு கைப்பிடி ரப்பர்,
மூலையில் விரிசல் விட்ட ஒரு கண்ணாடி.
வாடகை முப்பது.
திரும்பி வருவதற்கு ஜாமீன்,
செருப்பு.

சித்திரை வெயிலில் தார் மேல்
ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றேன்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவரும்
அப்படித்தான் நின்றார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார்.
முப்பது வயதிருக்கும், அந்த அம்மாவுக்கு.
கண்ணாடியைப் பார்க்கவில்லை.
என் காலைப் பார்த்தார்.

குனிந்து, கழுத்துப் பட்டைக் கிரீஸைத் துடைத்து
ஒவ்வோர் எண்ணாகப் படித்தார்.
வண்டியில் அது ஒன்றுதான்
பதினைந்து வருடமாகத் தேயாமல் இருந்தது.

"அந்த வெள்ளைக் கோடு வரைக்கும் ஓட்டி நிறுத்துங்க."

ஓட்டினேன். மிதித்தேன். வெறுங்காலில்
பெடலின் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.
கோட்டைத் தாண்டி நின்றது வண்டி.
அவர் நடந்து வந்து
கோட்டுக்கும் டயருக்கும் நடுவில் நின்றார்.
தாராளமாக நின்றார்.

"மூணு அடி."

எங்கள் தொழிலில் அதற்கு
அனுமதித்த பிழை என்று பெயர்.
கிலோவுக்கு இத்தனை கிராம் என்று புத்தகத்தில் உண்டு.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் எழுதி முடித்திருந்தார்.
"லைனர் மாத்திட்டு அடுத்த வாரம் வாங்க.
சொந்தக் கண்ணாடியோட."

பதினேழு வருடத் தொழிலில்
கல்லைத் தூக்கி வைத்துப் பார்த்த ஓர் அதிகாரியை
நான் சந்தித்ததில்லை.
ஒருவர் மட்டும் தராசைத் தொட்டார்,
அதுவும் தூசி இருக்கிறதா என்று.

கோபமா வெட்கமா, பிரித்துப் பார்க்கவில்லை,
நேராக மார்க்கெட்டுக்கு விட்டேன்.
இருளாண்டி கடை முன் நிறுத்த நினைத்தது
பக்கத்துக் கடை முன் நின்றது.

பையிலிருந்து ஒரு கிலோ முத்திரைக் கல்லை எடுத்து
அவர் தராசில் வைத்தேன்.
நாள் கிழமை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில்
முதல் தடவையாக.

ஆயிரத்து நாற்பது, என்றது
சிவப்பு எழுத்தில்.

இருளாண்டி அதைப் பார்க்கவில்லை.
வெங்காயச் சருகுக்குள் புதைந்திருந்த
என் பாதங்களைப் பார்த்தார்.
"செருப்பு எங்கேய்யா?"

திரும்பினேன்.
வண்டியில், விரிசல் விட்ட கண்ணாடியில்,
நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்,
தராசும்.