ஏழாம் எண் வண்டியின் தண்டு

டோல்கெத்லி தாண்டிய ஏற்றத்தில்
வலது மிதிகாலில்தான் முதலில் வந்தது,
சோற்றில் கல் கடிபட்டாற்போல்
ஒரு நறநற.

பின்பெட்டியில் இரண்டு பை ரத்தம், ஓ நெகட்டிவ்.
மணி இரண்டு பத்து. மழை.
வேல்ஸில் மழை என்று தனியாகச் சொல்வது
கடலில் உப்பு என்று சொல்வதுபோல.

நாற்பது மைல் வேகத்தில் நறநற.
ஐம்பதில் ஒன்றுமில்லை.
கைவிசையைத் தளர்த்தினால்
அடியில் எங்கோ ஒரே ஒரு 'டக்'.
சரி, ஐம்பதிலேயே போவோம் என்று போனேன்.

சனிக்கிழமை, தீயணைப்பு நிலையத்தின் பின்கொட்டகை.
கெதின் பகலில் பால் கறக்கும் இயந்திரம் பழுதுபார்ப்பவர்.
எங்களுக்குச் செய்வதற்குக் கூலி
ஒரு ஃபிளாஸ்க் தேநீர், அதுவும் அவரே கொண்டுவருவது.
பின்சக்கரத்தைக் கழற்றிப்
பல்லிணைப் பெட்டியைத் தாழ்த்தினார்.
கிழிந்த ரப்பர் உறைக்குள்ளிருந்து
அரை டம்ளர் தண்ணீர்
அந்தத் தேநீரின் நிறத்திலேயே வழிந்தது.

தண்டை உருவி என் கையில் வைத்தார்.
குறுக்கு மூட்டின் கிண்ணத்தில்
ஊசி உருளைகள் பாதிகூட இல்லை.
மிச்சம் செம்பொடி,
விரலிடுக்கில் புகுந்தால் சோப்புக்கும் போகாதது.

பற்களைப் பார், என்றார்.
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது,
முன்னால் தள்ளிய பக்கம்.
மறுபக்கத்தில் ஆலை விளிம்பு அப்படியே.
ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் மைலும்
அந்த ஒற்றைக் கன்னத்தில்.

"கடைசியாக யார் கிரீஸ் வைத்தது?"

பதிவேட்டைப் புரட்டினோம்.
செயின் வண்டிகளுக்குப் பக்கம் பக்கமாக
எண்ணெய், இறுக்கம், தேதி, திட்டு.
செயின் புலம்பும், கால்சட்டையில் கறை தெறிக்கும்,
கவனிக்க வைத்துவிடும்.
ஏழாம் எண்ணுக்கு ஒரே வரி:
'தண்டு. பராமரிப்பு தேவையில்லை.'

அந்தக் கையெழுத்து என்னுடையது.

கெதின் எதுவும் சொல்லவில்லை.
அச்சாணி போனால் முச்சாணும் ஓடாது,
இது போயும் முப்பது மைல்
என்னை ஆஸ்பத்திரி வாசல்வரை இழுத்திருக்கிறது.

புதுத் தண்டுக்கு அறுநூறு பவுண்டு.
கேக் விற்றதில் நூற்றுப்பத்து சேர்ந்தது.
ரெக்ஸ்ஹாமில் நொறுங்கிய போலீஸ் வண்டி ஒன்றின் தண்டு
அதற்குள் முடிந்தது.
இரண்டு கவைகளும் ஒரே கோட்டில் நிற்கச்
சாக்பீஸால் குறியிட்டார்.
பிசகினால் ஒரே சுற்றுக்குள்
இருமுறை முந்தும், இருமுறை பிந்தும்,
சிலரின் நடைபோல, என்று
தன் முழங்காலைத் தட்டிச் சிரித்தார்.
அதை அவர் யாரிடமும் காட்டியதில்லை.

செவ்வாய் இரவு தாய்ப்பால்,
இருபத்தேழு வாரத்தில் பிறந்த ஒன்றுக்கு.
கொடுத்துவிட்டுத் திரும்புகையில், பெட்டி காலி,
அதே ஏற்றம், மிதிகாலில் எதுவுமில்லை.
நிறுத்தினேன்.
டார்ச் அடித்து உறையைத் தடவினேன்.
வெளியே ஈரம், மடிப்பில் காய்ந்திருந்தது.
வேலிக்கு அப்பால் ஒரு செம்மறி
மென்றபடி என்னையே பார்த்தது.

கையுறையைக் கழற்றி, நனைந்த தாளில் எழுதினேன்:
தண்டு. பார்த்தாயிற்று.
கெதின் முழங்கால். கேட்க வேண்டும்.