அளவீட்டு ஐயம்

என் வேலை தராசுகளைச் சந்தேகிப்பது.
திங்கட்கிழமை தேராவில் தங்கக் கடைகள்,
செவ்வாய் அவீர் சந்தையில் வெங்காய மூட்டை ஏறும் மேடைகள்,
புதன் கார்கோ.
எடைக்கற்களைக் கையுறையோடுதான் தொடவேண்டும்,
விரல் ரேகைக்கும் எடை உண்டு,
ஐந்தாவது தசமத்தில் அது தெரிந்துவிடும்.
கடைக்காரர்கள் டீயை நீட்டியபடி கேட்பார்கள்:
"எந்தப் பக்கம் சாயுது?"
தங்கள் பக்கம் என்றால் சிரிப்பார்கள்.

கத்தாரிலிருந்து தாள் வந்திருக்கிறது.
ராஸ் லஃபான், எரிவாயு ஆலை, சீனியர் டெக்னீஷியன்.
இப்போது வாங்குவதைப்போல் இரண்டேகால் மடங்கு.
சாப்பாடு, படுக்கை, ஆண்டுக்கொரு டிக்கெட் கம்பெனி செலவு.
நான்காம் பத்தியில் என் நிலை: பேச்சிலர்.
பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவனை
ஒரே வரியில் பிரம்மச்சாரியாக்கிவிட்டார்கள்,
மாலை போடாமலே.
நாற்பத்தெட்டு நாளில்லை, மூன்று வருடம்.

இங்கே மட்டும் என்ன.
ஷார்ஜா ரோலாவில் எங்கள் வீடு என்பது
ஒரு ஹாலில் முக்கால்வாசி.
மீதிக்குள், பிளைவுட்டுக்கு அப்பால்,
காத்தான்குடி ரிஃபாஸ்.
அவன் தும்மினால் மல்லேஸ்வரி இங்கிருந்து "நூறு" என்கிறாள்.
அடுப்பு எங்களுக்கு ஆறிலிருந்து ஏழு வரை.
சண்டையைக்கூடக் கிசுகிசுப்பாகப் போட்டுப் பழகிவிட்டோம்,
கோபம் உச்சத்துக்குப் போகும்போது
உதடுகள் மட்டும் அசையும்.
விட்டுப்போக அரண்மனை ஒன்றுமில்லை.
அதைச் சொல்லிவிடுகிறேன்.

மல்லேஸ்வரி பி.காம்.
பள்ளிக் கட்டண ரசீதைத் திருப்பிப்போட்டு
நடுவில் கோடு கிழித்தாள்.
நகைக்கடன், சீட்டுப் பாக்கி, என் தங்கை வளைகாப்புக்கு வாங்கியது,
எல்லாம் இருபத்தாறாவது மாதத்தில் அடைந்துவிடுகிறது.
அப்புறம் வருவது முழுக்க மிச்சம்.
கூட்டிப் பார்த்துவிட்டு ஒருமுறை நிமிர்ந்தாள்,
அந்தத் தொகையை நாங்கள் இருவருமே
எங்கள் பெயருக்குப் பக்கத்தில் பார்த்ததில்லை.
பிறகு செலவுப் பக்கத்தின் கடைசியில்
"சனி, இரவு பத்து" என்று எழுதினாள்.
எதிரே தொகை போடவில்லை.

சனி இரவு பத்துக்கு விசேஷமாக எதுவும் நடப்பதில்லை.
அல் கான் கடலோரம். இரண்டு ஷவர்மா, மூன்று பேர்.
யாழிசை ஊறுகாய்த் துண்டுகளைப் பொறுக்கி
என் தாளில் போடுவாள், எனக்கும் பிடிக்காது, தின்பேன்.
மல்லேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு
வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த குரலில்
வாடகை வசூலிப்பவனைத் திட்டுவாள், உரக்க.
ஆகஸ்டில் அதுவும் கிடையாது, வியர்த்துக் கொட்டும்,
பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவோம்.

பழுதுபார்க்கக் கொண்டுவந்த மேடைத் தராசு
கதவருகே கிடக்கிறது.
யாழிசை ஏறி நிற்கிறாள்.
"ஆடாதே" என்றால் ஆடுகிறாள், எண் நடுங்குகிறது.
இருபத்துமூன்று கிலோ நானூறு.
பிரிட்ஜின் பக்கவாட்டில் மார்க்கரால்
மாதம் ஒன்றாக எழுதி வருகிறேன்.
டிக்கெட் வருடத்துக்கு ஒன்றுதான் என்றால்
நடுவில் பதினொரு எண்களை
ஊகித்துத்தான் நிரப்பவேண்டும்.
வேலையில் அப்படி நிரப்பினால்
சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

நான் கொடுக்கும் எந்தச் சான்றிதழிலும்
கடைசி வரி கட்டாயம்:
அளவீட்டு ஐயம், கூட்டியோ குறைத்தோ இவ்வளவு.
கத்தார்த் தாளை இரண்டு பக்கமும் பார்த்தேன், அப்படியொரு வரி இல்லை.
சம்பளத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ± போட்டேன்.
அதற்குப் பிறகு என்ன எழுதுவதென்று தெரியாமல்
பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.

வியாழன் மாலைக்குள் பதில் வேண்டுமாம்.
"போனா மூணு வருஷம்" என்றேன், மெதுவாக.
"போகலைன்னா?" என்றாள், அதைவிட மெதுவாக.
யாழிசை புரண்டு படுத்தாள்.
பிளைவுட்டுக்கு அப்பால்
ரிஃபாஸ் போனில் ஓடிய படத்தின் சத்தத்தைக் குறைத்தான்.
அவனும் காத்திருக்கிறான்.