கல்லின் ஓரம்

சேலம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில்
பதினேழு வருஷமாக வண்டி வந்த நேரம் எழுதுகிறேன்.
வராத வண்டிக்கும் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு.
அதை வெறுமனே விடக் கூடாது.

அன்றைக்கு வரவேண்டியது ஒரு நிழல்.
முப்பது கோடி கிலோமீட்டருக்கு அப்பால்
பெயர் கிடைக்காமல் எண்ணோடு சுற்றும் ஒரு கல்
மங்கிய நட்சத்திரம் ஒன்றை
இரண்டே முக்கால் நொடி மறைக்கும்.
அந்த இருட்டு வாழப்பாடிப் பக்கம் நுழைந்து
ஓமலூர் தாண்டிப் போய்விடும்.
எந்தத் தொலைநோக்கிக்கும் அந்தக் கல் வெறும் புள்ளி.
உடம்பை அளக்க வேண்டுமானால்
நிழலுக்குக் குறுக்கே ஆள் நிறுத்த வேண்டும்.

மல்லூரில், ஜவ்வரிசி காயும் களத்தில், குணவதி.
அடிவாரத்தில், சாத்திய டீக்கடை ஓரம், ரியாஸ்தீன்.
மேலே ஏற்காட்டில், நாகலூர் ரோட்டில் நான்.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள்
விட்டுக்கொடுத்த அளவு வானம்.

ஒன்றரைக்கு மூட்டம் இறங்கியது.
வீட்டிலிருந்து கேட்காமல் எடுத்துவந்த ஹேர் டிரையரை
பேட்டரியில் ஓட்டி லென்ஸை உலர்த்தினேன்.
காப்பிச் செடிகளுக்குள் ஏதோ மூச்சுவிட்டது.
காட்டெருமை.
அதுவும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு மூட்டம் விலகியது.
இரண்டு நாற்பத்துமூன்று, பதினொன்றாம் நொடி.
பன்னிரண்டு.
பதின்மூன்று.
பதினான்கு.
நட்சத்திரம் இருந்தது.
இருந்துகொண்டே இருந்தது.

குணவதிதான் முதலில் கூப்பிட்டாள்:
"ரெண்டு புள்ளி ஆறு! சுவிட்ச் அணைச்ச மாதிரி!"
ரியாஸ்தீனுக்கு முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேல்.
"நான்தான் கண்ணு சிமிட்டிட்டேனோன்னு பயந்துட்டேன்.
கேமரா சிமிட்டாதுல்ல."
எனக்கு மறையவில்லை என்றேன்.
துக்கம் விசாரிக்கிற குரலில் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

தொலைநோக்கியைக் கழற்றும்போதுதான் உறைத்தது.
அடிவாரத்தில் கல் உண்டு.
ஏற்காட்டில் கல் இல்லை.
அப்படியானால் அதன் ஓரம்
இந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குள்
எங்கோதான் விழுந்திருக்கிறது.
நான் பார்க்காததும் ஒரு அளவு.

ஆம்னியை இரண்டாவது கியரில் இறக்கினேன்.
முதல் பஸ் இன்னும் ஏறவில்லை.
இருபதில் ஒன்றுமில்லை. பத்தொன்பதில் குரங்குகள்.
பதினான்கில், கீழே, விடியாத ஊருக்கு நடுவே
வெள்ளைக்கல் சுரங்கம் மட்டும் முன்கூட்டியே வெளுத்திருந்தது.
எதிரே யாருமில்லை, ஆனாலும்
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தேன்.
ஏழா? நாலா?
எந்தத் திருப்பத்தில் உள்ளே நுழைந்தேனோ,
வண்டி குலுங்கவில்லை.
இரண்டில் காதடைப்பு விட்டது, அவ்வளவுதான்.

அடிவாரத்தில் ரியாஸ்தீன்
முக்காலியின் கால்களை மடக்கிக்கொண்டிருந்தான்.
அவன் போனிலேயே அறிக்கையை நிரப்பினேன்:
இடம், நேரம், மறையவில்லை.

கடை திறந்திருந்தது.
கல்லுக்குள் நின்றபடி
இரண்டு டீ சொன்னோம்,
ஒன்றில் சர்க்கரை தூக்கலாக.