வலமிருந்து மூன்றாவது

கேமரா பழையது.
பெனின்சுலாவில் இரண்டாம் கைக்கு வாங்கினேன்.
உள்ளே எட்டிப் பார்த்தால்
பதினொரு சிறு கட்டங்கள் தெரியும்.
நடுவில் இருப்பதற்கு மட்டும் நல்ல கண்.
ஓரத்தில் இருப்பவை
அந்தி விழுந்தால் தடுமாறும்.

தெங்கா. மழை விட்டு அரைமணி நேரம்.
இசக்கிராஜா இடப்பக்கம் போய் நின்றான்,
நெற்றியில் ஹெல்மெட்டின் வளையம் இன்னும் அழியாமல்.
நீலச் சட்டை, வெள்ளைக் காலர்,
மடிப்பு கலையாதது.
"அக்கா, பில்டிங் முழுசா வரணும்.
நான் சைடுல நின்னுக்கிறேன்."

நடுப்புள்ளியை நம்பி அழுத்தினேன்.
அது நேராகப் போய்ப்
பச்சைக் குப்பைத்தொட்டியைப் பிடித்தது.
மூடியில் ஒட்டிய எச்சரிக்கைத் தாளை
நான்கு மொழியிலும் வாசிக்கலாம்.
இசக்கிராஜா ஒரு நீல மேகம்.

அடுத்து, எல்லோரும் செய்கிற தந்திரம்:
அவன் கண்ணில் புள்ளியை வைத்து
பட்டனைப் பாதி அழுத்தி
விரலை எடுக்காமல், மூச்சும் விடாமல்,
கேமராவைத் திருப்பிக் கட்டடத்தை உள்ளே இழுத்தேன்.
திரையில் பெரிதாக்கினால்
காது கூர்மை.
காதில் செருகிய பென்சிலும் கூர்மை.
கண் இல்லை.
முழுக்கத் திறந்த லென்ஸ்
நான்கு விரல் ஆழம்தான் பொறுத்துக்கொள்ளும்.
நான் திரும்பியதிலேயே அது செலவாகிவிட்டது.

சரி, ஓரத்துக்கே போவோம்.
கட்டைவிரலால் தள்ளினேன்.
இடம். இடம்.
கடைசிக் கட்டம் சிவந்து
அவன் முகத்தில் உட்கார்ந்தது.
லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது,
இருட்டில் சாவித்துவாரம் தேடுகிறவனைப் போல.
அந்த வெளிச்சத்தில் கன்னம் வழுக்கியது.
"அசையாதே, காலரைப் பிடிக்கிறேன்."
வெள்ளைத் துணி கழுத்தைத் தொடும் கோட்டில்
லென்ஸ் நின்றது.
பீப்.

நல்ல படம்.
இமைமயிரை எண்ணலாம்.
பின்னால் கட்டடம் பாலில் கரைந்த மாதிரி.
எனக்கே என்னைப் பிடித்துப்போன படம்.

அவன் வாங்கிப் பார்த்தான்.
போன் என்று நினைத்து இரண்டு விரலால் விரித்தான்,
விரியவில்லை.
"அக்கா, பில்டிங் எங்க?"
"பின்னாடி இருக்கு. நீதானே முக்கியம்."
"என் மூஞ்சியை வீட்ல
தினமும் வீடியோ கால்ல பாக்குறாங்க.
எட்டாவது மாடி, அந்தக் கோடி,
வலமிருந்து மூணாவது ஜன்னல்.
அது நான் வச்சது.
ரெண்டு மில்லி கோணல்னு சொல்லி
மூணு தடவை கழட்டி மாட்டச் சொன்னாங்க."

இவ்வளவு நேரம்
தப்பான ஓரத்தில் நின்று
போராடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப்
புள்ளியை நகர்த்தினேன்.
வலம். வலம். வலம். ஒரு மேல்.
ஜன்னலில் உட்கார்ந்தது,
பிடிக்கவில்லை.
கண்ணாடி முழுக்க வெறும் வானம்,
சாம்பல் மேல் சாம்பல்.
லென்ஸ் மறுபடி முன்னே, பின்னே.
சட்டத்தின் விளிம்பு? அதுவும் சாம்பல்தான்.
இன்னும் ஐந்து நிமிடத்தில் வெளிச்சம் போய்விடும்.
"சிரிக்கட்டுமா அக்கா?"
"இரு."

அப்போது அந்த ஜன்னல் நகர்ந்தது.
முக்காமல், முனகாமல்,
இழுத்த கையோடு போனது.
ஒரு கம்பு வெளியே நீண்டது.
கம்பில் ஒரு துண்டு,
சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்டது.

பீப்.

அழுத்துவதற்குள்
என் முகத்தைப் பார்த்து
அவன் திரும்பிவிட்டான்.
ஆகவே படத்தில் இருப்பது அவன் பின்மண்டை,
இடது ஓரத்தில், கொஞ்சம் மங்கல்.
"ஆள் வந்துட்டாங்க" என்றான்,
கேமராவுக்கு முதுகைக் காட்டியபடியே.

இன்னொன்று எடுக்கலாம் என்றேன்.
வேண்டாம், இதையே அனுப்புங்க என்றான்.
பெரிதாக்கினால்
துண்டின் கட்டங்கள்கூடத் தெரிகின்றன.